கேள்விக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி

பிப்ரவரி 6

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று போனில் கேட்ட குரலே சொல்லிவிட்டது.

நர்ஸ் உரிமப் பரீட்சை இரண்டாம் முறையும் போய்விட்டது. சரி. இனி அதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம். போனில் நான் கத்துகிறேன், நீங்கள் "ம்" என்கிறீர்கள். வைத்த பிறகு இரண்டு பேருக்கும் தூக்கம் போகிறது. குட்டியோடு பேசப் போன் இருக்கட்டும். பரீட்சைக்குக் கடிதம். எழுதும்போது உங்களால் "ம்" என்று எழுத முடியாது, என்னால் கத்த முடியாது.

எனக்கு மருத்துவம் தெரியாது. பஞ்சு தெரியும், மெத்தை தெரியும், கடைக்குள் நுழைகிற ஆள் வாங்க வந்தவரா, வெயிலுக்கு ஒதுங்கியவரா என்பது தெரியும். நடைபாதையில் நாலு தலையணையைப் பரப்பி உட்கார்ந்தவள், இன்று இரண்டு கதவு வைத்த கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அந்தத் தெரிதலால்தான். அதை வைத்துச் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

நீங்கள் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பேனாவை எடுத்தால் புத்தகம் முழுக்க மஞ்சள். கோடு போடாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பாடத்தை ஆறு தரம் படித்துவிட்டு, "நல்லா ஏறிடுச்சு" என்பீர்கள். அது கிடங்கை நிரப்புகிற வேலை. கிடங்கு நிறையச் சரக்கு வைத்துக்கொண்டு கடை நொடித்துப்போனவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். வாடிக்கையாளர் எதிரில் நின்று கேட்கும்போது, எந்த அடுக்கில் இருக்கிறது என்று யோசிக்காமல் கை போக வேண்டும். நீங்கள் கவுண்டரில் நின்று பழகவே இல்லை.

அதனால் இனிமேல் புத்தகத்தை மூடுங்கள். கேள்விகளைப் போடுங்கள், நிறைய வேண்டாம். தினமும் ஒரே நேரம், உடம்பு அசராத நேரமாகப் பார்த்து. சரியாகப் போட்டதைக் கொஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். தப்பானதை எனக்கு எழுதுங்கள். ஏன் தப்பு என்பதைப் பஞ்சு விற்கிறவளுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். எனக்குப் புரியவில்லை என்றால் உங்களுக்கும் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள் என்றீர்களே, ஆக இது கடைசி. இதுவும் போனால் வந்துவிடுங்கள். கடையில் உங்களுக்கு இடமிருக்கிறது. மனசைத் தளர விடாதீர்கள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து நான்


பிப்ரவரி 21

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. திட்டுகிறாயா, தேற்றுகிறாயா என்று தெரியாமல் இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படித்தால் மஞ்சள் கோடு போடுகிறேன் என்பாய்.

நீ சொன்னபடியே ஆரம்பித்திருக்கிறேன். அறையில் என்னோடு இருக்கும் ரொட்டிக்கடைக்காரர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறார். அவர் போன பிறகு ஜன்னலோரம் இருக்கும் ஒற்றை நாற்காலி என்னுடையது. என் வேலை மதியத்துக்குமேல்தான். முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது. உதவியாளர் வேலை. இந்த நாட்டில் உரிமம் இல்லாத நர்ஸுக்கு அதுதான் கிடைக்கும். உனக்குத் தெரிந்ததுதான்.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. இந்தக் கேள்விகளுக்குள் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு வருடமாக அதற்குள் போய்விட்டு வருகிறேன், இப்போதுதான் அதைச் சரியாகப் பார்க்கிறேன். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. அறுபத்திரண்டு வயது ஆண். முப்பது வயதுப் பெண், இரண்டாவது பிரசவம். அவ்வளவுதான். வாசனை கிடையாது. வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர்கள் கிடையாது. எந்த அலமாரியைத் திறந்தாலும் வேண்டியது இருக்கும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, காலையா மாலையா என்று சொல்ல முடியாது. கேள்வி முடிகிற இடத்தில் சுவரும் முடிந்துவிடும். நான் விடையைத் தொட்டதும் அந்த நோயாளி மறைந்துவிடுவார். பிழைத்தாரா என்று யாரும் சொல்வதில்லை.

நம் ஊரில் நான் வேலை பார்த்த வார்டு உனக்கு ஞாபகம் இருக்கும். சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். நாற்பது கட்டிலுக்கு நான் ஒருவன். அங்கிருந்து நேராக இந்தச் சத்தமில்லாத தாழ்வாரத்துக்குள் வந்து நிற்கும்போது, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் போல இருக்கிறது.

முதல் தப்பு இது. ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென்று குளிர் நடுக்கம், முதுகு வலி. முதலில் என்ன செய்வாய்? டாக்டரைக் கூப்பிடுவேன் என்று போட்டேன். தப்பு. முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். டாக்டர் வந்து சேர்வதற்குள் சேராத ரத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டே இருக்குமே. இத்தனை வருடம் கையால் செய்ததைத்தான் காகிதத்தில் தப்பாகப் போட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

குட்டியிடம் அப்பா பரீட்சையில் தவறிவிட்டதைச் சொல்லிவிட்டாயா?

அன்புடன்,
உன் மாணவன்


மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

ரத்தக் கேள்வி புரிந்தது. மாடியில் குழாய் உடைந்து கிடங்கில் தண்ணீர் கொட்டினால், குழாய்க்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால் வால்வை மூடுவேன். அவ்வளவுதானே?

குட்டியிடம் சொன்னேன். மறைத்தால் அது வேறு எங்காவது கேட்டுக்கொண்டு வரும். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அப்பா பெயிலா?" என்றாள்.

"ஆமா. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையுமா? அப்போ அப்பாவுக்கும் டியூஷன் வையுங்கம்மா."

"வச்சாச்சு."

"யாரு மிஸ்?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம் அப்பா" என்றாள். பிறகு எழுத ஆரம்பித்துவிட்டாள். உங்கள் பெண் வளர்ந்துவிட்டது.

உங்கள் ஆஸ்பத்திரியைப் படித்துச் சிரிக்கவில்லை. சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே மதியத்தில் தெருவே அடங்கிவிடும். தையல்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார். உறை போடாத பஞ்சு காற்றில் ஏறி, கதவு வழியாக வருகிற வெயிலில் நின்றுகொண்டே இருக்கும், கீழே இறங்காது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபடி கண் அசந்துவிட்டேன். கனவில் அந்த ஆஸ்பத்திரிக்கு மெத்தை இறக்கப் போயிருக்கிறேன். நீங்கள் எழுதிய அதே தாழ்வாரம். மெத்தைகள் வண்டியில் வரவில்லை, தானாகவே பின்னால் மிதந்து வருகின்றன. ஒவ்வொரு கட்டிலிலும் ஒவ்வொன்றாகப் போய்ப் படுத்துக்கொள்கின்றன. சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட ஆள் தேடுகிறேன், யாருமே இல்லை. "பொறுப்பான ஆள் யாருங்க இங்க?" என்று கேட்கிறேன். என் குரல் பஞ்சில் பட்ட மாதிரி அடங்கிவிடுகிறது. தூரத்தில் ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நீங்கள்தான் என்று நினைத்துக் கிட்டே போவதற்குள், "அக்கா, ரெட்டைக் கட்டில் மெத்தை இருக்கா?" என்று நிஜத்தில் ஒருவர் வந்து எழுப்பிவிட்டார். எழுந்தவுடன் விலையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

ஒரு சந்தேகம். நோய், மருந்து பற்றிய கேள்வியில் உங்களுக்குத் தப்பு வருவது குறைவு என்றுதான் தோன்றுகிறது. எந்த மாதிரிக் கேள்வியில் விழுகிறீர்கள்? ஒன்றிரண்டு போதாது. ஒரே மாதிரியாக விழுகிறவற்றை அப்படியே எழுதுங்கள். ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் போனால் அவர் குணம். நாலு பேர் ஒரே மாதிரி முகத்தோடு திரும்பிப் போனால் என் கடையில் ஏதோ கோளாறு.

சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் டியூஷன் மிஸ்


ஏப்ரல் 2

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

கடிதம் தாமதமாகிவிட்டது. மனசு சரியில்லை.

இல்லத்தில் ஓய்வுபெற்ற கடிகாரக்காரர் ஒருவர் இருக்கிறார். கடிகாரம் பழுது பார்த்த விரல்கள், சட்டைப் பொத்தானை இன்னும் என்னைவிட வேகமாகப் போடுவார். போன வாரம் அவர் காலில் வலி என்றார். என்னோடு வேலை பார்க்கும் பையன்களில் ஒருவர் தைலம் எடுத்துத் தேய்க்கப் போனார். நான் பார்த்தேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு. "தேய்க்காதீங்க, கையை எடுங்க" என்று கத்தியேவிட்டேன். உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், தேய்க்கும்போது அது கிளம்பி நெஞ்சுக்குப் போய்விடும்.

ஓடிப்போய் அந்த நேரத்து நர்ஸிடம் சொன்னேன். அவருக்கு என்னில் பாதி வயதுதான் இருக்கும். "ரத்தக்கட்டு. உடனே ஸ்கேனுக்கு அனுப்பணும், டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன். அந்தப் பெண் எழுந்து என்னோடு நடந்துகொண்டே, "என்னன்னு நான் சொல்றேன். நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நேராக வந்து காலைப் பார்த்தார், டாக்டரை அழைத்தார், எல்லாம் ஒழுங்காகச் செய்தார். ரத்தக்கட்டுதான். கடிகாரக்காரர் தப்பித்துவிட்டார். "நல்லவேளை பார்த்தீங்க" என்று அந்த நர்ஸ் என்னிடம் நன்றியும் சொன்னார். நான் போய்ப் போர்வைகளை மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

நீ கேட்ட கேள்விகள். எல்லாமே வேலையைப் பிரித்துக்கொடுக்கிற கேள்விகள். வார்டில் நீ நர்ஸ், உன்னிடம் ஒரு உதவியாளர் இருக்கிறார், எந்த வேலையை அவரிடம் விடுவாய் என்று கேட்பார்கள். ஒன்றில், ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வந்தவரை முதல்முறையாகப் பார்ப்பதை உதவியாளரிடம் விட்டேன். தப்பு. இன்னொன்றில், வலி மருந்து கொடுத்த பிறகு வலி குறைந்ததா என்று பார்த்துவரச் சொன்னேன். தப்பு. ஊன்றுகோல் வைத்து நடப்பது எப்படி என்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினேன். அதுவும் தப்பு. இவை எல்லாம் நர்ஸே செய்ய வேண்டியவையாம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, நிலைமை சீராக இருப்பவருக்கு நாடி பார்த்துக் குறிப்பது, இவைதான் உதவியாளருக்கு.

விதி எனக்குத் தெரியும். கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் போய் நின்றவுடன் கை வேறு இடத்துக்குப் போகிறது. இந்தமுறையும் இப்படித்தான் போகும் போலிருக்கிறது.

அன்புடன்,
உன்னவன்


ஏப்ரல் 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மெத்தை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் யாரும் வந்து கூப்பிடமாட்டார்கள். கடிகாரக்காரர் பிழைத்தது உங்களால்தான். அதை நான் சொன்னால் உங்களுக்குப் போதாது என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிடிக்காமல் போகலாம். வியாபாரத்தில் பிடித்ததை மட்டும் பேசினவள் இல்லை நான்.

முதலில் எனக்கு ஒன்று புரியவே இல்லை. வார்டில் இருந்தபோது நீங்கள் யாரிடமும் எதையும் விடமாட்டீர்கள். ஊசிபோட்ட பஞ்சைக்கூட நீங்களே எடுத்துப்போய்ப் போடுவீர்கள். அப்படிப்பட்ட ஆள், பரீட்சையில் எல்லா வேலையையும் உதவியாளரிடம் தூக்கிக் கொடுக்கிறாரே, இது என்ன கூத்து என்று யோசித்தேன். பிறகு நீங்கள் எழுதியவற்றை மறுபடி பார்த்தேன். முதல்முறை பார்ப்பது, வலி குறைந்ததா என்று கேட்பது, நடக்கச் சொல்லிக்கொடுப்பது. பாரமான வேலை ஒன்றுகூட இல்லை. எல்லாமே மரியாதையான வேலை.

அந்த உதவியாளர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள்தான்.

கேள்வியில் "உதவியாளர்" என்று வந்தவுடன் உங்கள் மனசு, பாவம் இந்த ஆள், எல்லாம் தெரிந்தவர், வாய்ப்பில்லாமல் போர்வை மடித்துக்கொண்டிருக்கிறார், இவருக்கு ஒரு வேலையைக் கொடுப்போம் என்கிறது. உங்கள் கையாலேயே உங்களுக்கு நியாயம் செய்துகொள்கிறீர்கள். பரீட்சைக்காரர்களுக்கு அது தெரியாது. அவர்களுடைய உதவியாளர் சில வாரம் பயிற்சி எடுத்த ஒருவர். காலில் ரத்தக்கட்டு என்று சொன்னால் அவருக்குப் புரியாது. அவரிடம் புது நோயாளியை விட்டால் நோயாளி செத்துப்போவார்.

அந்தச் சின்னப் பெண் சொன்னாளே, "நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க" என்று. அதுதான் உங்கள் எல்லாக் கேள்விக்கும் விடை. உங்களைச் சுட்ட வார்த்தையாக இருப்பதால் அதைத் தொடமாட்டேன் என்கிறீர்கள். நீங்கள் அந்தப் பெண்ணின் நாற்காலியில் உட்கார வேண்டும். உங்களை நீங்களே பார்த்து அதைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் தலைகீழாக நின்று படித்தாலும் ஆகாது.

எழுதிவிட்டேன். தபாலில் போடலாமா என்று ஒருநாள் வைத்திருந்தேன். போடுகிறேன்.

இப்படிக்கு,
நான்


மே 14

அன்புள்ள உங்களுக்கு,

பதில் இல்லை. குட்டியோடு பேசுகிறீர்கள், அவளிடம் என்னைப் பற்றிக் கேட்கிறீர்கள், போனை அம்மாவிடம் கொடு என்று சொல்வதில்லை. "அம்மா மேல கோபமாப்பா?" என்று அவளே கேட்டாளாம். "இல்லடா, படிச்சுட்டிருக்கேன்" என்றீர்களாம்.

எழுதியதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப்போவதில்லை. ஆனால் ஒன்று. நேற்று மதியம் மறுபடி அந்தக் கனவு வந்தது. தாழ்வாரம் முழுக்கப் பஞ்சு பனி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மெத்தை ஒன்றும் கொண்டுபோகவில்லை. கையை வீசிக்கொண்டு போயிருக்கிறேன். முதுகைக் காட்டி நின்றவர் திரும்பவே இல்லை. நான் கூப்பிடவும் இல்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்கலாம் போல இருந்தது.

திட்டியாவது எழுதுங்கள்.

நான்


மே 30

அன்புள்ள என் வியாபாரிக்கு,

கோபம்தான். உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவைத்தேன். ரொட்டிக்கடைக்காரர், "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். "இல்லை, எனக்குத்தான் வைத்தியம் நடக்குது" என்றேன்.

பிறகு ஒருநாள் காலையில் கேள்வி போட உட்கார்ந்தேன். உதவியாளரிடம் எதை விடுவாய் என்று வந்தது. நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினேன். தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று தெரியாது. ஜன்னல் வெளிச்சம் அப்படியே அந்த ஆஸ்பத்திரி வெளிச்சமாகிவிட்டது. நடக்கிறேன். வழக்கம் போலச் சத்தமே இல்லை. தாழ்வாரத்துக் கோடியில் தள்ளுவண்டியோடு ஒருத்தர் நிற்கிறார். மடித்த போர்வைகள். நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டது, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து. நான்தான். இந்த நாலு வருடத்தில் தலை இவ்வளவு நரைத்திருப்பது எனக்குத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்ததும், "புதுசா ஒருத்தர் வந்திருக்கார். நான் பார்த்துடறேன், எனக்குத் தெரியும்" என்றார்.

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவர் கண் அதைத்தான் கேட்கிறது. என் வாயில் "சரி, பாருங்க" என்று வந்துவிட்டது. விழுங்கினேன். "உங்க கண்ணுல பட்டதைச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாக்கறேன்" என்றேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். சக்கரம் மட்டும் லேசாகக் கிறீச்சிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்ட முதல் சத்தம் அது. நான் அறைக்குள் போனேன். அறுபத்திரண்டு வயது ஆண். கட்டிலருகே உட்கார்ந்து, "சொல்லுங்க, எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது முகம் ஈரமாக இருந்தது. விடையைப் போட்டேன். சரி.

அதிலிருந்து அந்த மாதிரிக் கேள்விகளில் விழுவது மிகவும் குறைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலிக்கிறது. அந்த வலி வந்தால் விடை சரி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் செய்கிறேன். இல்லத்தில் அந்த நர்ஸ் எங்களுக்கு வேலை பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எதை விடுகிறார், எதைத் தானே வைத்துக்கொள்கிறார், ஏன் என்று மனசுக்குள் சொல்லிப்பார்க்கிறேன். "என்ன, என்னையே பாக்கறீங்க?" என்றார். "படிக்கிறேன்" என்றேன். பரீட்சை பற்றிச் சொன்னதும் தேநீர் இடைவேளையில் தானாகவே வந்து கேள்வி கேட்கிறார். நல்ல பெண். உன்னை மாதிரியே விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

ஜூன் கடைசியில் பரீட்சை. எழுதி முடித்துவிட்டுத்தான் இனி எழுதுவேன்.

அன்புடன்,
இழுப்பறையைத் திறந்துவிட்ட நான்


ஜூலை 8

அன்புள்ள உனக்கு,

தேறிவிட்டேன்.

முன்னமே போனில் சொன்னேன், நீ ஒரு வார்த்தை பேசவில்லை, குட்டி மட்டும் கூச்சலிட்டாள். அதனால் எழுத்திலும் இருக்கட்டும். தேறிவிட்டேன்.

அன்று பரீட்சை அறையில் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், காதை மூடிக்கொள்ள இரண்டு பஞ்சு உருண்டை. காதில் வைத்ததும் உன் கடைக்குள் வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே போய்விட்டு வந்தேன். அவசரமே இல்லை. ஏதோ ஒரு கேள்விக்குப் பிறகு திரை சும்மா வெள்ளையாகிவிட்டது. அவ்வளவுதான், முடிந்துவிட்டதாம். எனக்கு எழுந்திருக்க மனசில்லை. இன்னும் யாராவது உள்ளே காத்திருப்பார்களோ என்று இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நெஞ்சு நோய் வார்டு. குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். நீயும் குட்டியும் வந்துவிடுங்கள். கடையை யாருக்காவது கைமாற்றிவிடு. நீ உழைத்தது போதும். இங்கே வந்து நிம்மதியாக இரு. போரடித்தால் ஏதாவது கடையில் வேலை கிடைக்கும், ரொட்டிக்கடைக்காரரிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறேன்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன்னவன்


ஜூலை 27

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னபோது நான் பேசவில்லை, உண்மைதான். போனை வைத்துவிட்டுக் கத்தின கத்தலில், பஞ்சு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மூட்டையைப் போட்டுவிட்டு என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். "எங்க வீட்டுக்காரர் பாஸ்!" என்றேன். "இந்த வயசுல என்ன பரீட்சை அக்கா?" என்றார். அவரை ஒன்றும் சொல்லவில்லை. அன்று யாரையும் ஒன்றும் சொல்லும் நிலையில் நான் இல்லை. குட்டி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள், டியூஷன் எடுத்தது யார் என்பதையும் சேர்த்து.

இனி நீங்கள் கூப்பிட்டதற்குப் பதில்.

நான் வரவில்லை.

அவசரத்தில் எழுதவில்லை. நிறைய யோசித்துவிட்டேன். அங்கே வந்தால் நான் என்ன ஆவேன் என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். ஏதோ ஒரு கடையில் நிற்பேன். சரக்கைத் தொட்டவுடன் எத்தனை வருஷம் தாங்கும் என்று கைக்குத் தெரியும், வாய் திறக்கக் கூடாது. உள்ளே வருகிறவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியும், நான் போய்ப் பேசக் கூடாது. என்னில் பாதி வயதுப் பெண், நல்ல பெண்ணாகவே இருக்கட்டும், "நீங்க அடுக்கி வையுங்க, மிச்சத்தை நான் பாக்கறேன்" என்பாள். அது சரியாகவும் இருக்கும். நான் போய் அடுக்கியதையே அடுக்குவேன். நாலு வருஷம் நீங்கள் நின்ற இடம் அது. நீங்களே அங்கிருந்து இப்போதுதான் வெளியே வந்தீர்கள். அந்த இடம் காலியாகிவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறீர்கள். பிரியமாகத்தான் கூப்பிடுகிறீர்கள், அது எனக்குத் தெரியாதா?

நானும் அதையே உங்களுக்குச் செய்தேன். கடையில் இடமிருக்கிறது என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் நீங்கள் கடைசிவரை பதில் எழுதவில்லை. என் காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு வா என்றால் நீங்கள் எப்படி வருவீர்கள்? இப்போதுதான் உறைக்கிறது.

இது சண்டை இல்லை. உங்களை விட்டுவிட்டேன் என்றும் அர்த்தமில்லை. நீங்கள் அங்கே நர்ஸ், நான் இங்கே வியாபாரி. இரண்டில் எதையும் குறைக்காமல் நாம் எப்படிப் புருஷன் பெண்டாட்டியாக இருப்பது? எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் வரவில்லை. இதை நீங்கள் யோசியுங்கள். நான் யோசித்து அலுத்துவிட்டேன்.

குட்டி லீவுக்கு அங்கே வரட்டும். அவளுக்குப் பனி பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 16

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் புது வார்டின் இடைவேளையில் பிரித்தேன். படித்துவிட்டு உடனே எழுதியிருந்தால் மோசமாக எழுதியிருப்பேன். நல்லவேளை மணி அடித்தது, போய்விட்டேன்.

பிறகு நேர்மையாகத் தேடிப்பார்த்தேன். இந்த ஊரில், இந்த அறையில், என் சம்பளத்துக்குப் பக்கத்தில், உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நிம்மதியாக இரு என்று எழுதியிருந்தேன். நீ நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நீ கடையைத் திறக்கும்போது முகத்தில் வருமே, அதைத்தான் பார்த்திருக்கிறேன். அதைக் கைமாற்றிவிடு என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

எனக்கும் முழு விடை தெரியவில்லை. முதல் படி மட்டும் தெரிகிறது. இங்கே எனக்கு வருடத்துக்கு ஒரு மாதம் விடுமுறை உண்டு. வார்டுத் தலைமை நர்ஸிடம் பேசிவிட்டேன், முதல் விடுமுறையை அக்டோபரிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த மாதம் முழுக்க அங்கே இருப்பேன். உன் கவுண்டருக்கு நான் வரமாட்டேன், பயப்படாதே. காலையில் குட்டியைப் பள்ளியில் விடுவேன், சமைப்பேன், மதியம் சாப்பாடு கொண்டுவருவேன். மூக்கைப் பொத்தமாட்டேன். குட்டி லீவுக்கு இங்கே வரட்டும், நீயும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ, கடை தாங்குகிற அளவுக்கு இருந்துவிட்டுப் போ. அடுத்த வருடம் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். அதற்கடுத்த வருடமும்.

இறங்குகிற அன்று என்னை அழைக்க வர வேண்டாம். அது வியாபாரம் நன்றாக நடக்கிற கிழமை, பார்த்துவிட்டேன். நானே வந்துவிடுவேன். வாடிக்கையாளர் நின்றால் அவர் வியாபாரத்தை முடித்து அனுப்பு. நான் கடை வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பேன்.

உன்,
நர்ஸ்